காரில் பாட்டு தெளிவா கேட்கலையா? சப்-வூஃபருக்கு காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

புது கார் வாங்கியாச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆக்சசரீஸ் கடைக்குப் போயாச்சு. டிக்கியில் பெரிய சப்-வூஃபர், நாலு கதவிலும் புது ஸ்பீக்கர், பில்லும் கட்டியாச்சு. திரும்பி வரும் வழியில் பாட்டு போட்டால் நம்பர் பிளேட் வரைக்கும் அதிருது. ஆனா பாடகர் என்ன வரி பாடுறார்னு மட்டும் புரியல!

இது பலருக்கும் நடக்கும் கதைதான். சென்னை ஜி.பி. ரோடாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர் பைபாஸ் ஓரக் கடையாக இருந்தாலும் சரி, கார் ஆடியோ என்றாலே முதலில் காட்டுவது சப்-வூஃபரைத்தான். ஆனால் நல்ல ஒலிக்கு முதலில் செய்ய வேண்டியது அது இல்லை. சொல்லப்போனால், கடைசியாகச் செய்ய வேண்டியது அது.

முதல் சில படிகளுக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை. எதை முதலில் செய்யணும், எதுக்கு காசு போடலாம், எங்கே உஷாரா இருக்கணும்? வரிசையாகப் பார்க்கலாம்.

பாட்டு எந்த வழியாக வருது?

போனில் இருக்கும் பாட்டு உங்கள் காதுக்கு வந்து சேர நாலு இடத்தைத் தாண்டணும். ஒன்று, பாட்டு ஃபைல். இரண்டு, போனிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகும் இணைப்பு. மூன்று, ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர். நான்கு, ஸ்பீக்கரும் அது மாட்டியிருக்கும் கதவும்.

முதல் இடத்திலேயே தரம் போயிடுச்சுன்னா, பின்னால் எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அது திரும்பி வராது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

முதல் படி: பாட்டு ஃபைலைப் பாருங்க

ஒரு ஆடியோ சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கும். எம்பி3 ஃபைலில் இடத்தைச் சேமிக்க இதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுவார்கள். 320 கிலோபிட் எம்பி3 என்றால் காரில் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் '1000 பாட்டு, ஒரே பென்டிரைவ்' என்று ஏற்றித் தருவதில் பல பாட்டுகள் 128 கிலோபிட் அல்லது அதற்கும் கீழே இருக்கலாம். அதில் ஜால்ரா, ஹை-ஹாட், வயலின் போன்ற மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் அடிவாங்கும். 'சலசல'ன்னு தண்ணீர் ஓடுற மாதிரி கேட்கும்.

128 கிலோபிட் ஃபைலை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு 320 ஆக மாற்றினாலும் பயன் இல்லை. போன தகவல் போனதுதான். ஃபைலின் சைஸ் மட்டும்தான் கூடும்.

ஸ்ட்ரீமிங் ஆப் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் 'ஆடியோ குவாலிட்டி' பகுதியைத் திறந்து பாருங்க. அது 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், சிக்னல் குறையும்போது பாட்டின் தரமும் குறையும். நெடுஞ்சாலையில் டவர் போய் வரும்போது நடப்பது இதுதான். வீட்டில் வைஃபையில் உயர்ந்த தரத்தில் பாட்டுகளை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்னையே இல்லை. ஆப்பில் இருக்கும் ஈக்வலைசரையும் ஆஃப் செய்துவிடுங்க. காரிலும் போனிலும் இரண்டு தடவை பேஸ் கூட்டினால் ஒலி சிதையும்.

இரண்டாம் படி: ப்ளூடூத்தா, கேபிளா?

ப்ளூடூத்தில் பாட்டு அப்படியே போகாது. மறுபடியும் சுருக்கப்பட்டுத்தான் போகும். எல்லா கருவிகளிலும் இருக்கும் அடிப்படை முறைக்கு எஸ்.பி.சி என்று பெயர். ஐபோன்கள் ஏ.ஏ.சி முறையையும் பயன்படுத்தும். ஆண்ட்ராய்டு போன்களில் எல்டாக் போன்ற உயர்தர முறைகள் இருக்கும். எல்டாக் அதிகபட்சம் 990 கிலோபிட் வரை அனுப்பும். ஆனால் போனில் இருந்தால் மட்டும் போதாது, கார் ஸ்டீரியோவிலும் அதே முறை இருக்கணும். இல்லைன்னா தானாகவே அடிப்படை முறைக்கு இறங்கிவிடும்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. ஒயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஒயர்லெஸ் ஆப்பிள் கார்பிளேயும் பாட்டை ப்ளூடூத் வழியாக அனுப்புவதில்லை. இணைப்பைத் தொடங்க மட்டும்தான் ப்ளூடூத். அதன் பிறகு பாட்டு வைஃபை வழியாகப் போகும். அதனால் சாதாரண ப்ளூடூத்தைவிட இதில் ஒலி தெளிவாக இருக்கும். இந்த வசதி இருந்தும் வெறும் ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் இன்றே மாற்றிப் பாருங்க. யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் இன்னும் நிலையாக இருக்கும்.

பழைய காரில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் மாட்டியிருக்கீங்களா? எஃப்எம் முறையில் 15 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல் ஒலி வராது, இரைச்சலும் கூடவே வரும். ஆக்ஸ் துளை இருந்தால் ஒரு சாதாரண ஆக்ஸ் கேபிளே இதைவிட நன்றாகப் பாடும்.

ப்ளூடூத் அல்லது ஆக்ஸில் கேட்கும்போது போனின் வால்யூமை ஏறக்குறைய முழுசாக வைத்து, கார் வால்யூமில்தான் கூட்டிக் குறைக்கணும். போனில் பாதி வைத்துவிட்டு காரில் முழுசாக ஏற்றினால், பாட்டோடு சேர்ந்து 'உஸ்' சத்தமும் பெரிதாகும்.

மூன்றாம் படி: செட்டிங்ஸ் - பத்து நிமிஷ வேலை

காரை ஒரு அமைதியான இடத்தில் நிறுத்துங்க. ஜன்னல்களை மூடி, ஏசி ஃபேனைக் குறைத்துவிடுங்க. நூறு தடவை கேட்டு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்க. இனி இந்த வரிசைப்படி செய்யுங்க.

* ராக், பாப், ஜாஸ், சரவுண்ட் என்று எது ஆன் ஆகியிருந்தாலும் ஆஃப் செய்யுங்க. பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் பூஜ்யத்தில் வையுங்க. சில நாள் இப்படியே கேளுங்க. முதலில் சப்பென்று இருக்கும், காது பழகிடும்.

* ஃபேடரை முழுக்க முன்பக்கம் தள்ளுங்க. பாடகர் டேஷ்போர்டு மேல் நின்று பாடுவது போல இருக்கும். கச்சேரியில் மேடை நமக்கு முன்னால்தானே இருக்கும்? இப்போது பின் சீட்டில் இருப்பவர்களுக்குப் போதுமான அளவு மட்டும் பின்னால் நகர்த்துங்க.

* ஏதாவது குறையாகத் தெரிந்தால், கூட்டுவதற்குப் பதிலா மற்றதைக் குறைத்துப் பாருங்க. பேஸ் போதவில்லை என்றால் ட்ரெபிளை ஒரு புள்ளி இறக்கி, வால்யூமை ஒரு புள்ளி ஏற்றுங்க. காரணம் இதுதான்: 3 டெசிபல் கூட்டினாலே ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி கொடுக்கணும். 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு! அந்தச் சக்தி அதனிடம் இல்லாதபோதுதான் ஒலி கரகரக்குது.

* 'ஸ்பீடு வால்யூம்' வசதி இருந்தால் 'லோ'வில் வையுங்க. கார் வேகமாகப் போகும்போது டயர் சத்தம் முதலில் அமுக்குவது பேஸைத்தான். நெடுஞ்சாலையில் போகும்போது பேஸைக் கூட்டினால், சிக்னலில் நிற்கும்போது அது 'டம் டம்'னு இடிக்கும்.

ஒரு சின்ன சோதனை: பேலன்ஸ் நடுவில் இருக்கும்போது பேஸ் குறைவாகவும், முழுக்க ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் அதிகமாகவும் கேட்குதா? அப்படின்னா ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் ஒயர்கள் மாறி மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும், பேஸ் காணாமல் போகும். கடையில் ஸ்பீக்கர் மாற்றிய கார்களில் இந்தத் தவறு நடக்கும். ஒயரை மாற்றிப் போட்டாலே சரியாகிடும்.

நான்காம் படி: ஸ்பீக்கருக்கு முன்னால் கதவைக் கவனிங்க

காசு செலவு செய்ய முடிவு செய்துவிட்டால், முதல் காசை இங்கே போடுங்க.

வீட்டு ஸ்பீக்கர் கெட்டியான மரப்பெட்டிக்குள் இருக்கும். காரில் அந்தப் பெட்டியே கதவுதான். மெல்லிய தகரம், உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும் காற்று பாட்டாக வருது. அதே நேரத்தில் பின்பக்கமும் அதே அளவு ஒலி எதிர்த் திசையில் கிளம்புது. அந்த ஒலி ஓட்டைகள் வழியாக வெளியே வந்து முன்பக்க ஒலியோடு மோதும்போது, பேஸ் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் விலை உயர்ந்த ஸ்பீக்கர் மாட்டியும் 'பேஸ் பத்தலையே' என்று தோணுது.

இதற்குத் தீர்வு டேம்பிங் ஷீட். ஒரு பக்கம் அலுமினியத் தகடு, மறுபக்கம் ஒட்டும் பியூட்டைல் ரப்பர். வெளிப்பக்கத் தகரத்தில் இதை ஒட்டினால் அதிர்வு குறையும். உள்பக்க ஓட்டைகளை அடைத்தால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலக்காது. கதவைச் சாத்தும்போது வரும் சத்தமே மாறுவது தெரியும். மழைச் சத்தமும் வெளி இரைச்சலும்கூட ஓரளவு குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள். கதவின் அடியில் மழைநீர் வடிய சின்ன துளைகள் இருக்கும். அவற்றை அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி கதவு துருப்பிடிக்கும். அடுத்து, கதவுக்குள் ஏர்பேக் சென்சார் இருக்கும் கார்களும் உண்டு. அதைத் தொடக்கூடாது. விலை மலிவு என்று தார் கலந்த ஷீட்டை ஒட்டினால், நம்ம ஊர் வெயிலில் இளகி வழியும், நாற்றமும் அடிக்கும்.

ஐந்தாம் படி: முன்பக்க ஸ்பீக்கர்

நாலு கதவுக்கும் சுமாரான ஸ்பீக்கர் வாங்குவதைவிட, முன் கதவுகளுக்கு மட்டும் ஒரு நல்ல ஜோடி வாங்குவது மேல். நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருது.

'கோஆக்சியல்' வகையில் ட்வீட்டர், பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே இருக்கும். விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். 'காம்பொனென்ட்' வகையில் ட்வீட்டர் தனியாக வரும், மேலே வைக்கலாம். மேல் ஸ்தாயி ஒலி நேர்க்கோட்டில் போகும் தன்மை கொண்டது. கதவின் கீழே இருந்து வந்தால் உங்கள் முழங்காலுக்குத்தான் பாட்டு. ட்வீட்டர் காது மட்டத்துக்கு அருகில் இருந்தால் சொற்கள் தெளிவாகக் கேட்கும். ஆனால் ஏ-பில்லரில் துளை போடச் சம்மதிக்கும் முன் உஷார்! பல கார்களில் அதற்குள்ளே கர்ட்டன் ஏர்பேக் இருக்கும்.

அட்டையில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். கூடுதல் ஆம்ப்ளிஃபயர் போடாதவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கணும். 92 டெசிபல் உள்ள ஸ்பீக்கர், 89 டெசிபல் உள்ளதைவிட பாதி சக்தியிலேயே அதே சத்தத்தைக் கொடுக்கும்.

'50 வாட் x 4' உண்மையா?

ஸ்டீரியோ அட்டையில் இருக்கும் இந்த எண்ணை நம்பி ஏமாறாதீங்க. கார் ஓடும்போது மின்சாரம் சுமார் 14 வோல்ட்தான். அதைக்கொண்டு சாதாரண ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன சிப், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் கொடுக்கக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட்டை ஒட்டித்தான் வரும். 50 என்பது நொடிப்பொழுது உச்சம்.

எப்போதும் 'ஆர்.எம்.எஸ் எவ்வளவு?' என்றே கேளுங்க. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அதுதான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க, ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். அதனால் 50 வாட் ஆம்பை 60 வாட்டாக மாற்றினால் வித்தியாசமே தெரியாது.

இயற்கையாக ஒலிக்க உதவுவது டி.எஸ்.பி

நம் நாட்டில் டிரைவர் சீட் வலது பக்கம். வலது ஸ்பீக்கர் காதுக்கு அருகில், இடது ஸ்பீக்கர் தூரத்தில். இரண்டுக்கும் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். அதாவது இடது பக்க ஒலி 1.7 மில்லி நொடி தாமதமாக வருது. ரொம்ப சின்ன நேரம்தான். ஆனா பாடகர் நடுவில் இல்லாமல் வலது கதவுக்குள் உட்கார்ந்து பாடுவது போலத் தோன்ற அதுவே போதும்.

டி.எஸ்.பி என்ற கருவி, அருகில் உள்ள ஸ்பீக்கரை அதே அளவு தாமதப்படுத்தும். பாடகர் மறுபடி நடுவுக்கு வந்துவிடுவார். பல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களிலும், சில கார்களின் ஒரிஜினல் ஸ்டீரியோவிலும் 'டைம் அலைன்மென்ட்' அல்லது 'லிசனிங் பொசிஷன்' என்ற பெயரில் இந்த வசதி உண்டு. அதை 'டிரைவர்' என்று மாற்றிப் பாருங்க.

மஹிந்திரா எக்ஸ்யுவி700-ல் சோனியின் 12 ஸ்பீக்கர், பிஇ 6-ல் ஹர்மான் கார்டனின் 16 ஸ்பீக்கர் என்று பெரிய எண்களை விளம்பரத்தில் பார்த்திருப்பீங்க. இப்படிப்பட்ட பிராண்டட் சிஸ்டம்களில் எண்ணிக்கையைவிட முக்கியம், அந்தந்த காரின் உள்வடிவத்துக்கு ஏற்ப ஒலி டியூன் செய்யப்பட்டிருப்பதுதான். அதனால் அந்த வேரியன்ட் வைத்திருப்பவர்கள் ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் ஒலி கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. செட்டிங்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, சப்-வூஃபர் வேண்டவே வேண்டாமா?

வேண்டாம் என்று இல்லை. கதவு ஸ்பீக்கர்களால் மிகக் கீழ் ஸ்தாயியைச் சரியாக எழுப்ப முடியாது. அதைச் செய்ய அளவான சப்-வூஃபர் உதவும். மிருதங்கம், தபலா, பேஸ் கிட்டார் இதெல்லாம் பிடிக்கும் என்றால் 'சீல்டு' பெட்டி நல்லது, அடி நறுக்கென்று விழும். 'போர்ட்டட்' பெட்டியில் சத்தம் அதிகம், ஆனால் கொஞ்சம் இழுக்கும். டிக்கி இடம் போகக்கூடாது என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன வகைகள் இருக்கு.

80 ஹெர்ட்ஸ்க்குக் கீழே சப்-வூஃபர், மேலே கதவு ஸ்பீக்கர் என்று பிரித்துவிடுங்க. அளவு சரியாக இருக்கா என்று எப்படித் தெரியும்? சப்-வூஃபர் இருப்பதே தெரியக்கூடாது. ஆஃப் செய்தால் மட்டும் ஏதோ குறையுதேன்னு தோணணும்.

ஒயரிங்: இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்

1000 வாட் ஆம்ப் முழு சக்தியில் ஓடினால், 14 வோல்ட்டில் 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டில் ஏசிக்குப் போடும் பிளக்கே 16 ஆம்பியர்தான்! இந்த மின்சாரத்தை மெல்லிய ஒயரில் ஓட்டினால் ஒயர் சூடாகும். எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

* பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கணும். ஆம்ப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், நடுவில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை.
* ஒயர் முழுத் தாமிரமா, அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதா என்று கேளுங்க. பூசிய வகைக்கு இன்னும் தடிமன் வேண்டும்.
* எர்த் ஒயரை பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கமாகப் பொருத்தணும்.
* ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ங்ஙீ' சத்தம் கூடுதா? எர்த் சரியில்லை, அல்லது பவர் ஒயரும் சிக்னல் ஒயரும் ஒரே பக்கமாகப் போகுது.
* கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டினால் வாரன்ட்டி கிடைக்காமல் போகலாம். ஒயரை வெட்டாமல் மாட்டும் கப்ளர் பல கார்களுக்குக் கிடைக்குது.
* மின்சார கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர் பக்கமே போகக்கூடாது. அது உயர் மின்னழுத்த ஒயர்.

காது போனால் திரும்ப வராது

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலின்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்தில் ஆபீஸ் போய்வந்தால், வியாழக்கிழமையோடு கணக்கு முடிஞ்சு போச்சு!

பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். இறங்கிய பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்டால் அது எச்சரிக்கை மணி. பின் சீட்டில் குழந்தை இருந்தால், அவர்கள் காதுக்கு அருகில் இருப்பது பின் கதவு ஸ்பீக்கர் என்பதை மறக்காதீங்க. ஆம்புலன்ஸ் சைரன் உள்ளே கேட்கும் அளவுக்குத்தான் பாட்டு இருக்கணும்.

நல்ல சிஸ்டத்தின் பயனே இதில்தான் இருக்கு. ஒலி தெளிவாக இருந்தால் வால்யூமைக் கூட்டத் தோணாது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இதன் ஆர்.எம்.எஸ் எவ்வளவு?
2. கம்பெனி ஒயரை வெட்டாமல் மாட்டுவீங்களா?
3. ஃபியூஸ் எங்கே வைப்பீங்க?
4. மாட்டிய பிறகு டியூன் செய்து கொடுப்பீங்களா?
5. என் பாட்டை டெமோ காரில் போட்டுக் காட்டுவீங்களா?

ஐந்தாவது கேள்வி ரொம்ப முக்கியம். கடையில் போடும் டெமோ பாட்டில் எந்த சிஸ்டமும் நன்றாகத்தான் கேட்கும். உங்களுக்குத் தெரிந்த பாட்டில், பாடகர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்குதா, தபலாவின் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தெரியுதா என்று கவனிங்க.

சுருக்கமா சொன்னா: முதலில் பாட்டு, அடுத்து இணைப்பு, பிறகு செட்டிங்ஸ். இதுவரை செலவு பூஜ்யம். அதற்குப் பிறகும் திருப்தி இல்லைன்னா கதவு, முன் ஸ்பீக்கர், ஆம்ப், டி.எஸ்.பி, கடைசியாக சப்-வூஃபர். இந்த வாரக் கடைசியில் அந்தப் பத்து நிமிஷ செட்டிங்ஸ் வேலையை மட்டும் செய்து பாருங்க. ஆக்சசரீஸ் கடைக்குப் போற வேலையே இல்லாமல்கூட போகலாம்!